சீ.ஆர். கொப்பித் தாள் நாலையும் டோக்கியோவுக்குக் கொண்டு போங்க

அண்ணன்,
நான் கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிக்கிறன். வாற மாசம் ரெண்டு கிழமை ட்ரெய்னிங் ஒண்டுக்கு டோக்கியோ போறன். காலத்துக்கும் வச்சி எழுதுற மாதிரி நல்ல மைப்பேனை ஒண்டு வாங்க ஆசை, கொஞ்சம் காசும் சேத்து வச்சிரிக்கன். 14 கரட் நிப்பு நல்லமா, 21 கரட்டா?
ஒரு வாசகி

தங்கச்சி,
கரட்டை முதல்ல விடுங்க. தாளில உரசுறது பொன் இல்ல, நிப்பு நுனியில ஒட்டியிரிக்கிற சின்னக் குண்டு, அது வேற கடுமையான உலோகம், 14 எண்டாலும் 21 எண்டாலும் ஸ்டீல் எண்டாலும் அந்தக் குண்டைத் தீட்டின விதத்திலதான் எழுத்து வழுக்கிப் போகும். பொன் மையில அரிபடாது, அது நல்லம்தான். ஜப்பான் பேனைக் கம்பனிகள்ல செய்லர்காரன் 21 கரட்டும் போடுறான், பைலட்காரன்ட கஸ்டம் 74 எண்ட பேனைக்கு 14தான், எனக்கெண்டா 14 தாராளம்.

நீங்க பாக்க வேண்டியது நிப்புட தடிப்பை. நான் முன்னம் ஒருக்கா ஜெர்மனிக்குப் போய் வரக்க எயாப்போட் கடையில கண்ணாடிக்குள்ள இருந்த மீடியம் நிப்புப் பேனை ஒண்டை எழுதிப் பாக்காமலே வாங்கிட்டு வந்தன், மட்டக்களப்புக்கு வந்து கொப்பியில எழுதினா ண, ஞ, ணை எல்லாத்திட சுழியும் அடைஞ்சி கறுப்புப் பொட்டாப் போச்சி, அந்தக் கவலை இன்னும் இரிக்கு. நம்மட எழுத்து முழுக்கச் சுழிதானே, உள்ளுக்க வெள்ளை தெரியாட்டி அது எழுத்தே இல்ல. ஜப்பான்காரனுக்கும் இந்தப் பாடுதான், சின்னக் கட்டத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு கோடு இழுக்கணும், அதாலதான் அவங்கட எஃப் (ஃபைன், மெல்லிசு) நிப்பு ஐரோப்பாக்காரன்ட இஎஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன், இன்னும் மெல்லிசு) அளவுக்கு வரும். நீங்க போறது சரியான ஊருக்குத்தான். எஃப்ல தொடங்குங்க, கீறுற மாதிரி இருந்தா மறுகா மீடியம் கேளுங்க.

டோக்கியோவில கின்சா எண்ட இடத்தில இத்தோயா எண்டு 1904ல தொடங்கின கடை இரிக்கு, வாசல்ல பெரிய சிவப்புப் பேப்பர் கிளிப் தொங்கும். நல்ல கடையில கேட்டா மையில தோச்சி எழுதிப் பாக்கத் தருவாங்க. ஆனா அவங்க தாற தாள் அவ்வளவு வழுவழுப்பு, அதில எந்தப் பேனையும் அழகாத்தான் எழுதும், அதால உங்கட சீ.ஆர். கொப்பியில நாலு தாள் கிழிச்சி பேக்குக்குள்ள வையுங்க. சும்மா வட்டம் கீறாம, நீங்க கரும்பலகையில எழுதுற வசனத்தையே எழுதுங்க, ஒரு பக்கம் எழுதினாத்தான் கை உளையுதா எண்டு தெரியும். வெட்கப்படாதீங்க, காசு உங்கட.

கன்வேட்டரும் சேத்து வாங்குங்க, போத்தல் மையை உறிஞ்சிப் பேனைக்குள்ள நிரப்புற சின்னக் குழாய் அது, பைலட், செய்லர், பிளாட்டினம் எண்ட மூண்டு கம்பனிக்கும் வேற வேற, ஒண்டுட ஒண்டுக்குப் பொருந்தாது, இஞ்ச வந்து தேடித் திரிய ஏலா. பாஸ்போட்டையும் கையில வச்சிரிங்க, அங்க 10 வீத வரி, வெளிநாட்டு ஆக்களுக்கு அதில இருந்து விலக்கு எடுக்க வழி இரிக்கு.

வரக்க பேனைக்குள்ள மை வேணாம். மேல போகப் போக பிளேனுக்குள்ள அமுக்கம் குறையும், பேனைக்குள்ள இரிக்கிற காத்து விரிஞ்சி மையைத் தள்ளிரும், அரைவாசி மையோட இருந்தாத்தான் மோசம். கழுவிட்டுக் கொண்டு வாங்க.

வந்த புறகு அந்த நாலு தாளையும் எறியாதீங்க, மட்டக்களப்புப் பக்கம் வாற நாள் காட்டுங்க, எந்த நிப்புல உங்கட 'ணை' எப்பிடி வந்திரிக்கு எண்டு எனக்கும் பாக்கணும்.