காட்பாடி பன்னீர் திராட்சைக்கு வயதாகவில்லை

காட்பாடியில் உங்கள் வீட்டுப் பந்தலில் எட்டு வயதுப் பன்னீர் திராட்சை, பட்டை நார்நாராக உரிகிறது, இலை மண்டுகிறது, காய்ப்பில்லை, கிழடாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. பட்டை உரிவது திராட்சையின் இயல்பு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் வாழும் கொடி அது.

குறை கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குளிர்நாடுகளில் கொடி இலையுதிர்த்து உறங்கி எழும். வேலூர் வெயிலில் அந்த உறக்கம் கிடையாது, கத்தரிக்கோல்தான் எழுப்ப வேண்டும். முற்றிப் பழுப்பேறிய கிளையின் மொட்டிலிருந்து கிளம்பும் புதுத்தளிரில்தான் பூங்கொத்து வரும். அதனால் டிசம்பர், ஜனவரி வாக்கில் பென்சில் பருமனுள்ள கிளைகளில் நாலைந்து கணு விட்டு வெட்டுங்கள். ஒல்லிக்கிளைக்கு ஒரு கணு போதும். வெட்டிய இடத்தில் நீர் சொட்டும், பயப்படாதீர்கள். அடிமரத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.