ஒரே மூளையில் இரண்டு மூன்று நோய்கள்: லூயி பாடி டிமென்ஷியா கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. முன்பு அல்சைமர் என்றார்கள். புதிதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் லூயி பாடி டிமென்ஷியா என்கிறார். எது சரி, ஐயா?

பதில்: இரண்டுமே டிமென்ஷியாவின், அதாவது நினைவும் சிந்தனையும் மங்கும் நோயின், வகைகள்; இரண்டுமே சரியாக இருக்க இடமுண்டு. நரம்பணுவுக்குள் ஆல்ஃபா சினூக்ளின் என்னும் புரதம் திரண்டு உருவாகும் உருண்டைதான் லூயி பாடி. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் அதைக் கண்டு 1912-ல் விவரித்தவர் ஃபிரிட்ஸ் லூயி. அல்சைமரின் அடையாளம் வேறு: அணுக்களுக்கு வெளியே அமிலாய்டு படிவு, உள்ளே டௌ புரத முடிச்சுகள். பாடநூலில் இவை தனித்தனி அத்தியாயங்கள். மூளைக்குள் அந்தப் பாகப்பிரிவினை கிடையாது. லூயி பாடி டிமென்ஷியாவோடு இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மூளையில் அல்சைமர் மாற்றங்களும் கணிசமாகத் தென்படுகின்றன.

நான் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் பணியாற்றியவன். அமிக்டலா என்ற பகுதியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மெல்லிய சீவல்கள் எடுப்போம். ஒன்றுக்குச் சினூக்ளினைக் காட்டும் சாயம்: பழுப்பு உருண்டைகள் தெரியும். மற்றதற்கு டௌவைக் காட்டும் சாயம்: அதே இடத்தில் சுடர் வடிவ முடிச்சுகள். ஒரு புரதம் திரண்டால் மற்றதையும் திரளத் தூண்டும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. முதியவர்களிடம் ரத்தக்குழாய்ச் சேதமும் டிடிபி-43 என்ற இன்னொரு புரதமும் சேர்வதுண்டு. எனவே எதன் பங்கு அதிகம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதில்லை, நடுக்கமும் இல்லை. லூயி பாடி இல்லை என்று நிம்மதி அடையலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. டௌ முடிச்சுகள் மிகுந்தவர்களிடம் மாயக்காட்சி, உடல் விறைப்பு போன்ற லூயி பாடி அறிகுறிகள் அமுங்கிவிடலாம்; மறதியே முன்னே நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நோய் விரைவாக முற்றுவதும் உண்டு. தூக்கத்தில் கத்துவது, கனவில் சண்டையிடுவதுபோல் கைகால்களை வீசுவது முன்பே இருந்ததா என்று மாமனாரிடம் விசாரியுங்கள். மறதி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடிய லூயி பாடி அறிகுறி இது. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று நிலை மாறிமாறி வந்தால் அதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஸ்கேனில் தெரிந்துவிடாதா?

பதில்: ஓரளவுக்கு. அமிலாய்டு பெட் ஸ்கேன் அமிலாய்டு இருப்பதைக் காட்டும். லூயி பாடி இல்லை என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. கலப்பு முழுவதும் தெரிவது இறந்தபின் செய்யும் மூளைப் பரிசோதனையில்தான். தானமாகப் பெற்ற மூளைகளை ஆய்வுக்காகச் சேமிக்கும் மூளை வங்கி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் இயங்குகிறது. தானத்துக்கு விருப்பம் இருந்தால் வீட்டில் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கேள்வி: அம்மா இரவில் மிகவும் கிளர்ச்சியடைகிறார். அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். லூயி பாடி உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடும் உடல் விறைப்பையும் சுயநினைவு இழப்பையும் ஏற்படுத்தி உயிரையே பறிக்கலாம். கூடவே அல்சைமர் இருக்கிறது என்பதால் இந்த ஆபத்து நீங்குவதில்லை. எனக்குப் பெரும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் சீட்டில் "அல்சைமர்" என்று மட்டும் இருந்தால் அவசரப் பிரிவில் ஊசி போட்டுவிடுவார்கள். "லூயி பாடி இருக்கலாம்" என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் ஆகிய மருந்துகள் இரு நோய்களிலும் பயன்படுபவை. அவை ஏற்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. ஏபிஓஇ, ஜிபிஏ மரபணுக்களின் சில வடிவங்கள் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவே.

கேள்வி: இத்தனை கோளாறுகளில் நம்மால் எதையாவது தடுக்க முடியுமா?

பதில்: ரத்தக்குழாய்ச் சேதத்தை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் அதன் பங்காவது குறையும். ஒரு எச்சரிக்கை: லூயி பாடி உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையைக் கூட்டும் முன் படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள்ளும் அழுத்தத்தை அளந்து இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.