ரஷ்யத் தோழிக்குப் பிறந்தநாள் விருந்து: ஐந்து நாள் முந்தினால் என்ன?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் வசிக்கிறேன். என்னுடன் வேலை செய்யும் தோழி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தவர். வரும் வியாழக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். வேலை நாளில் தோதுப்படாது என்பதால் இந்தச் சனிக்கிழமையே நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, புரூக்ளினில் பிரைட்டன் பீச் பகுதியில் உள்ள ரஷ்ய உணவகம் ஒன்றில் விருந்து கொடுக்க நினைக்கிறோம். நான் சுத்த சைவம், மதுவும் தொடமாட்டேன். எப்படிச் சமாளிப்பது? என்ன வாங்கிக்கொண்டு போவது?

பதில்: சைவத்தைச் சமாளித்துவிடலாம். முதலில் தேதியை மாற்றுங்கள்.

பிறந்தநாள் வருவதற்கு முன்பே வாழ்த்துவது ரஷ்யர்களிடையே அபசகுனம். தோழி படித்தவர், இதையெல்லாம் பார்க்கமாட்டார் என்று எண்ணாதீர்கள். ராகுகாலம் கழியட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப்போடும் பொறியாளர்கள் நம்மிடம் இல்லையா? பிந்திக் கொண்டாடினால் குற்றமில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு மேசையைப் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் முன் தோழியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரைட்டன் பீச்சில் 1970களில் குடியேறியவர்களில் பலர் உக்ரைனின் ஒடெசாவிலிருந்து வந்த யூதர்கள். பிறகு உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டிலிருந்தும் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். ரஷ்ய மொழி பேசுகிறவர் எல்லாரும் ரஷ்யர் அல்லர். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு அந்த அடைமொழி பலருக்கு உறுத்துகிறது. எந்தக் கடைக்குப் போவது என்பதை அவரே சொல்லட்டும். செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் வழக்கத்தில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைப்பார். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பில் வரும்போது இழுபறி நடக்கும்.

இனி சாப்பாடு. விருந்து மேசையில் நீங்கள் உட்காரும்போதே ‘சக்கூஸ்கி’ எனப்படும் குளிர்ந்த பதார்த்தங்கள் தட்டுக்கு இடமில்லாமல் நிரம்பியிருக்கும். அதுவே விருந்து என்று நினைத்து நான் ஒருமுறை வயிறு முட்டத் தின்றுவிட்டேன். இரவு பத்து மணிக்குச் சுடச்சுட முக்கிய உணவு வந்தபோது அதைப் பார்க்கத்தான் முடிந்தது.

சைவருக்கு அந்த மேசையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊதா நிறத்தில் இரண்டு சாலட்கள் அருகருகே இருக்கும், இரண்டிலும் பீட்ரூட்தான். சிறு துண்டுகளாக நறுக்கி, எண்ணெய் மினுமினுக்க, ஊறுகாய் வெள்ளரியும் உருளைக்கிழங்கும் கலந்து தெரிவது ‘வினெக்ரேத்’. பெரும்பாலும் அது சைவம்தான். துருவிய பீட்ரூட்டை மயோனைஸ் சேர்த்து கேக் போல அடுக்கியிருந்தால் தொடாதீர்கள். அதன் பெயரே ‘ஃபர் கோட்டுக்குள் ஹெர்ரிங்’. அடியில் உப்பிட்ட மீன் இருக்கும். வெள்ளையாக, அப்பாவியாக இருக்கும் ஒலிவியே சாலட்டில் முட்டையோடு சாஸேஜோ கோழியோ இருக்கும். போர்ஷ் சூப்பை வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் வைப்பார்கள்.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிமாறுபவர்கள் உண்டு. ‘போஸ்னயே’ இருக்கிறதா என்று கேளுங்கள். மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறிஸ்தவத் திருச்சபையின் நோன்பு உணவுக்கு அதுதான் பெயர். இறைச்சி, முட்டை, பால் மூன்றும் கிடையாது. நோன்பிலும் சில நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால், ‘பெஸ் ரீபி’, அதாவது மீன் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். காளான் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு, உப்பிலிட்ட தக்காளி, உருளைக்கிழங்கு வைத்த வரெனிகி ஆகியவை கிடைத்தாலே வயிறு நிறைந்துவிடும். வரெனிகி நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. மாவில் முட்டை உண்டா, மேலே தூவும் வெங்காயத்தில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்க ‘மோர்ஸ்’ கேளுங்கள். நம் மோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கிரான்பெரி போன்ற பழங்களின் புளிப்புச் சாறு. ‘குவாஸ்’ வேண்டாம், அது நொதித்த பானம். சிறிதளவு ஆல்கஹால் இருக்கும். உங்கள் முன்னால் வோட்கா கிண்ணம் இருந்தால் நிரப்பவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள். நிறைந்த கிண்ணத்தை யாரும் மறுபடி நிரப்பமாட்டார்கள். காலியாக இருந்தால்தான் தொல்லை.

யாரும் இஷ்டத்துக்கு எடுத்துக் குடிப்பதில்லை. ஒருவர் எழுந்து நான்கு வார்த்தை பேசிய பிறகே கோப்பைகள் உயரும். முதல் வாழ்த்து பிறந்தநாள்காரருக்கு. அடுத்தது பெரும்பாலும் அவரைப் பெற்றவர்களுக்கு. உங்கள் முறையும் வரும். மோர்ஸ் கோப்பையோடு எழுந்து நில்லுங்கள். அலுவலகத்தில் அவர் உங்களுக்குச் செய்த ஏதாவது ஓர் உதவியை ஆங்கிலத்திலேயே சொல்லி, ‘ஸ தெப்யா’ என்று முடியுங்கள். உனக்காக என்று பொருள். ‘நஸ்தரோவியே’ வேண்டாம், அது சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்குக் கொடுக்கும் மறுமொழி.

பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள்: ஏழு அல்லது ஒன்பது. இரட்டைப்படை சாவுக்கு. மொய்க்கவரில் நூற்றொன்று வைத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அமெரிக்கப் பூக்கடையில் டஜன் ரோஜாவாகக் கட்டித் தருவார்கள். ஒன்றை உருவி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மஞ்சள் பூ பிரிவைக் குறிக்கும் என்பார்கள், தவிர்த்துவிடுங்கள். பூவோடு ஒரு நல்ல தேயிலைப் பெட்டி போதும்.

நியூயார்க் நகரில் பில் தொகைக்கு மேல் 8.875 சதவீத வரி சேரும். பெரிய குழு என்றால் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தே போடும் உணவகங்கள் உண்டு. பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் (PATH) ரயிலில் போய் மன்ஹாட்டனின் முப்பத்து மூன்றாம் தெருவில் இறங்கி, அருகிலுள்ள ஹெரால்டு சதுக்க நிலையத்தில் கியூ ரயிலைப் பிடியுங்கள். சனிக்கிழமை பி ரயில் ஓடாது. திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். நன்றாக உடுத்திக்கொண்டு போங்கள், ஆனால் ஆடுவதற்கு வசதியான செருப்போடு.