மாநிலச் சட்டத்தில் என்னென்ன குற்றங்கள்?

கொலை, திருட்டுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்தானே, அப்புறம் தமிழ்நாட்டுக்கென்று தனிக் குற்றம் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, அதனால் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடலாம். நீங்கள் சொன்னவை 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வருகின்றன. கள்ளச்சாராயம் காய்ச்சினால் 1937 மதுவிலக்குச் சட்டம், கல்லூரியில் ராகிங் செய்தால் 1997 சட்டம், இவை நம் மாநிலத்துக்கானவை.

மதுரையில் அதிகம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது 2003 கந்துவட்டித் தடைச் சட்டம்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் காலையில் பணம் வாங்கிச் சாயங்காலம் வட்டியோடு கொடுக்கிற வியாபாரிக்கு அது பழகிப்போன விஷயம், ஆனால் ரன் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று எந்தப் பெயரில் அநியாய வட்டி வாங்கினாலும் குற்றம், கடன் கொடுத்தவருக்கு 3 வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும். கடன் வாங்கியவர் மீது வழக்கு இல்லை, பயப்படாமல் புகார் கொடுக்கலாம்.

குண்டர் சட்டத்தைப் பலரும் தண்டனை என்றே நினைக்கிறார்கள். அது 1982இல் வந்த தடுப்புக்காவல் சட்டம், விசாரணை முடிந்து தீர்ப்பு வந்து உள்ளே போவதில்லை. நகருக்குள் போலீஸ் கமிஷனரும் வெளியே கலெக்டரும் உத்தரவு போடுவார்கள், அதிகபட்சம் 12 மாதம். அதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போடலாம், உத்தரவு ரத்தாவதும் சகஜம்தான்.