தாவரச் சத்துக்கும் தோல் அரிப்புக்கும் நடுவில் குடல் பாக்டீரியா எங்கே வருகிறது?

தாவரங்களில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற சத்துகள், தோல் சிவந்து அரிக்கும் எக்சிமாவைத் தணிக்குமா, அதில் குடல் பாக்டீரியாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலிஃபீனால்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியாக்கள் உடைத்துத் தரும் சிறு மூலக்கூறுகளே ரத்தத்தில் கலக்கின்றன. ஆனால் எல்லார் குடலும் ஒன்றல்ல. சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பாலிஃபீனாலை ஈக்குவால் என்ற வேறொரு பொருளாக மாற்றும் பாக்டீரியா பலருக்குக் கிடையவே கிடையாது. ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் நார்ச்சத்து. அதிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம், ஒவ்வாமை அழற்சியை மட்டுப்படுத்தும் டி-ரெக் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெருக உதவுகிறது.

சரி, மருந்தாக நம்பலாமா? சான்றுகளில் பெரும்பாலானவை எலிகளில் கிடைத்தவை. நல்ல பாக்டீரியாவை உட்கொள்ளத் தரும் புரோபயாட்டிக்குகளால் எக்சிமா அறிகுறிகளில் பெரிய மாற்றமில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. மருத்துவர் தந்த களிம்பை நிறுத்திவிடாதீர்கள்.