மூங்கில் துண்டும் லியோசெல் சட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பேரக்குழந்தைக்கென்று, '100 சதவீதம் மூங்கில், ரசாயனமே இல்லை' என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் துண்டுகள் வாங்கினேன். உள்ளே தைத்திருந்த சீட்டில் 'விஸ்கோஸ்' என்று இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. மூங்கிலைக் கூழாக்கி, அந்தக் கூழை ரசாயனத்தில் கரைத்து, மீண்டும் இழையாக இழுத்தால் கிடைப்பது விஸ்கோஸ்தான். அமெரிக்காவில் இதே பொய்க்காக வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் செலுத்த 2022இல் ஒப்புக்கொண்டன. இங்கும், ஆதாரம் காட்டாமல் 'பசுமை' என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. விளம்பரப் பக்கம், பில், சீட்டு மூன்றையும் படமெடுத்து விற்றவருக்கு எழுதுங்கள். பணம் திரும்பவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கேள்வி: விஸ்கோஸ், மோடல், லியோசெல் மூன்றும் மரக்கூழ்தான் என்கிறார் கடைக்காரர். பிறகு விலையில் ஏன் இத்தனை வித்தியாசம்? (வாசகர், ஈரோடு)

பதில்: கடைக்காரர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார், மீதிப் பாதி, கூழை எதில் கரைத்தார்கள் என்பதில் இருக்கிறது. 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில், கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடுடன் வினைபுரியச் செய்து, கெட்டியான கரைசலாக்கி, நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். கார்பன் டைசல்பைடு தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கும் நச்சு. பவானி ஆற்றங்கரையில் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவுநீரை எதிர்த்து மக்கள் போராடிய கதையை உங்கள் பகுதியினருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மோடலும் ஏறக்குறைய இதே வழியில் வருவதுதான். ஈரத்தில் கூடுதல் வலுவுள்ளது, அவ்வளவே.

லியோசெல்லின் வழி வேறு. அமீன் ஆக்சைடு வகைக் கரைப்பான் ஒன்று கூழை நேரடியாகக் கரைத்துவிடுவதால் கார்பன் டைசல்பைடுக்கு வேலையில்லை. நல்ல ஆலைகளில் அந்தக் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். அந்த மீட்புக்கான செலவும் விலையில் சேர்கிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் அயனித் திரவத்தில் (திரவ நிலையில் உள்ள உப்பு வகைக் கரைப்பான்) கூழைக் கரைக்கும் 'அயோன்செல்' முறையை உருவாக்கியிருக்கிறது. அதே நாட்டின் 'ஸ்பின்னோவா' நிறுவனம் கூழைக் கரைக்காமலேயே அரைத்து இழையாக்குகிறது.

இதில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. இழையின் பெயரைச் சொல்லும் சீட்டு, அதைச் செய்த விதத்தைச் சொல்வதில்லை. வெளியேறும் வாயுவைப் பிடித்து மீட்கும் விஸ்கோஸ் ஆலையும், அதைக் காற்றில் விடும் ஆலையும் நம் கைக்கு வரும்போது ஒரே 'விஸ்கோஸ்' ஆகிவிடுகின்றன. கூழை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்களா, ஆக்சிஜனையும் பெராக்சைடையும் பயன்படுத்தினார்களா என்பதும் தெரியாது. ஆனால் பச்சை இலைப் படம் அச்சிட்ட அட்டையை மட்டும் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட மறப்பதில்லை.

கேள்வி: லியோசெல் சட்டையை ஜீன்ஸுடன் சேர்த்து வெந்நீரில் மெஷினில் போட்டேன். நரைத்தாற்போல் ஆகிவிட்டது. மாற்றித் தர மறுக்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: மறுத்தது நியாயம். ஈரத்தில் உராய்ந்தால் லியோசெல்லின் மேற்புறம் நுண்மயிர்களாகப் பிரியும். சலவைச் சீட்டைப் படித்திருக்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' முத்திரை இருந்தால், ஆற்றைக் கெடுக்காமல் செய்த துணி என்று நம்பலாமா? (வாசகி, மதுரை)

பதில்: நம்ப வேண்டாம். அது துணியில் தீங்கான பொருள்கள் வரம்பு மீறி இல்லை என்பதற்கான சோதனை. ஆற்றுக்கான நற்சான்று அன்று.

கேள்வி: எரித்துப் பார்த்து விஸ்கோஸையும் லியோசெல்லையும் பிரித்தறிய முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியாது. இரண்டும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டராக இருந்தால் உருகும். லியோசெல் என்று சொல்லி எனக்கு விற்ற குர்தாவின் கை முதல் சலவையிலேயே இரண்டு விரல் மேலேறியது. அதை எரித்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால் விஸ்கோஸின் விளிம்பு நெளிநெளியாகவும் லியோசெல்லின் விளிம்பு வழவழப்பான வட்டமாகவும் இருக்கும். வழக்கு என்று வந்தால், துணியை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.