தைராய்டு ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஆறு வருடமாகக் காலையில் தைராக்சின் 75 மைக்ரோகிராம் போடுகிறேன். முதலில் 18 இருந்த டிஎஸ்எச் இப்போது 2.4. ஆன்டி டிபிஓ அதிகம் என்று அப்போது சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவர் தைராய்டை வேரோடு குணமாக்கும் பொடி தந்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. உங்கள் தைராய்டு குணமாகி அந்த 2.4 வரவில்லை, மாத்திரை வேலை செய்ததால் வந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுணங்கினால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று அதை விரட்டும். அந்த விரட்டலின் அளவுதான் டிஎஸ்எச். நீங்கள் வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்ததும் அது அடங்கிவிட்டது. ஆன்டி டிபிஓ அதிகம் என்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912ல் விவரித்த நோய் இது. அரித்த சுரப்பியை எந்தப் பொடியும் திரும்ப வளர்க்காது.

சரி, ஒன்பது நாளாக ஏன் ஒன்றும் தெரியவில்லை? உடலில் சேர்ந்திருக்கும் தைராக்சினில் பாதி தீரவே சுமார் 7 நாள் ஆகும். டிஎஸ்எச் ஏறி ஓரிடத்தில் நிற்க ஆறு வாரம் வேண்டும். பொடி விற்பவர்களுக்கு இந்த இடைவெளிதான் முதலீடு. பதினைந்தாம் நாள் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, அரைகுறையாக ஏறிய எண்ணைக் காட்டி அடுத்த டப்பாவையும் விற்றுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து முகம் வீங்கி, குரல் கரகரத்து என்னிடம் வந்தவர்கள் பலர். சில பொடிகளில் கடல்பாசி இருக்கும். அதிலுள்ள மிதமிஞ்சிய அயோடின் உங்களைப் போன்றவர்களின் சுரப்பியை இன்னும் மந்தமாக்கும்.

பொடி விற்பவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மாத்திரை எழுதும்போதே 'இது நோயைத் தீர்க்காது, குறையும் ஹார்மோனை நிரப்புகிறது' என்று ஒரு வரி சொல்ல நம் புறநோயாளிப் பிரிவுகளில் யாருக்கும் நேரமில்லை. ஆனால் வருடா வருடம் இருபது முப்பது டெஸ்ட் கொண்ட பேக்கேஜை உங்கள் தலையில் கட்ட மட்டும் ஆள் வீட்டுக்கே வருகிறார். உங்களுக்கு வழக்கமான கண்காணிப்புக்கு டிஎஸ்எச் ஒன்றே போதும்.

மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கும் இளம் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். பிரசவமாகி ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு அழற்சி வரும். முதலில் படபடப்பு, எடை குறைவு; அப்புறம் சில மாதம் அசதி, டிஎஸ்எச் உயர்வு. இவர்களில் பலருக்குச் சுரப்பி தானாகத் தேறிவிடும். அதனால் 6 முதல் 12 மாதம் மாத்திரை கொடுத்தபின் மருத்துவர் டோஸைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். அப்போதும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் குறைக்கவே கூடாது. தேறியவர்களும் வருடம் ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அது திரும்பி வரும்.

நீங்கள் நாளைக் காலையே அதே 75ஐ வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்துப் போட வேண்டாம். காபி அரை மணி நேரம் கழித்து, கால்சியம், இரும்பு மாத்திரைகள் நான்கு மணி நேரம் கழித்து. முடிக்கு பயோட்டின் சாப்பிட்டால் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது எண்ணை மாற்றிக் காட்டும். எட்டாவது வாரம் டிஎஸ்எச் எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள்.